கேட்காமலே தெரிய வேண்டும்: அலுவலகத்தில் செயலோடை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பையர் ஜெர்மனியில் இருக்கிறார். நிட்டிங் ஓர் இடத்தில், டையிங் பெருந்துறையில், கட்டிங்கும் தையலும் சொந்த யூனிட்டில், எம்ப்ராய்டரி ஜாப் ஒர்க்கில். ஒரு டி-ஷர்ட் ஆர்டர் கப்பலேற மூன்று, நான்கு மாதம் பிடிக்கும். செவ்வாய்க்கிழமை மாலை பையர் மின்னஞ்சல் அனுப்புகிறார்: நேவி நிறத்தை இன்னும் கொஞ்சம் டார்க்காக்க வேண்டும். மெர்ச்சன்டைசர் அதை அப்போதே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறார். அதற்கு மேலே வேறு மூன்று ஆர்டர்களின் படங்கள். கீழே லாரி கிளம்பிய தகவல், ஒரு பிறந்தநாள் வாழ்த்து, அதற்கு இருபது பேர் கைகூப்பிய பதில். ஃபேப்ரிக் இன்சார்ஜ் அன்று லீவு. வியாழன் காலையில் பழைய ஷேடிலேயே சாயமேறிய துணி யூனிட் வாசலில் வந்து இறங்குகிறது.

“குரூப்ல போட்டனேங்க” என்கிறார் ஒருவர். “நான் பாக்கலைங்களே” என்கிறார் மற்றவர். இருவர் சொல்வதும் உண்மை. செய்தி சொல்லப்பட்டது, வேலை செய்கிறவரிடம் போய்ச் சேரவில்லை. அது போய்ச் சேரும்படி வழியை எப்படி அமைப்பது என்பதை இந்த அத்தியாயத்தில் பார்க்கலாம்.

ஆளைத் தொடர்வதா, வேலையைத் தொடர்வதா

ஃபேஸ்புக்கைத் திறந்ததும் புதியது மேலே, பழையது கீழே என்று ஓடிவருகிற வரிசையை ஃபீட் என்கிறோம். 2006 செப்டம்பரில் அந்த நிறுவனம் அதை அறிமுகம் செய்தபோது பயனர்களிடம் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதுவரை ஒவ்வொருவர் பக்கத்துக்கும் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டது, போகாமலே கண்முன் வந்து நின்றது பலரைத் திடுக்கிட வைத்தது. இதே அமைப்பை அலுவலகத்துக்குள் கொண்டுவந்தால் என்ன என்று தோன்றியவர்கள் 2008இல் யாமர் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். அதன் முகப்பில் இருந்தது ஒரே கேள்வி: இப்போது என்ன வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள்? நான்கே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அதை 120 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

ஆனால் அலுவலகத்துக்கு உண்மையில் உதவிய மாற்றம் வேறொன்று என்பது என் கருத்து. 2010இல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் வெளியிட்ட சாட்டரில், சக ஊழியரைத் தொடர்வது போலவே ஒரு வாடிக்கையாளர் கணக்கையோ ஒரு விற்பனை ஒப்பந்தத்தையோ தொடரலாம். அந்த ஒப்பந்தத்தில் யாராவது கை வைத்தால் உங்கள் ஃபீடில் ஒரு வரி வரும். நண்பர்கள் வட்டத்தில் ஆள்தான் முக்கியம். பணியிடத்தில் முக்கியம் ஆர்டர், கோப்பு, நோயாளி, இயந்திரம். இன்று முருகேசன் என்ற ஊழியர் என்ன செய்தார் என்பது ஃபேப்ரிக் இன்சார்ஜுக்குத் தேவையில்லை. ஸ்டைல் 4417 என்ற ஆர்டருக்கு இன்று என்ன நடந்தது என்பது தேவை.

இப்படி வேலையைச் சுற்றி ஓடுகிற வரிசையை இந்நூலில் செயலோடை என்போம். அதில் வரும் ஒவ்வொரு வரியிலும் யார், என்ன செய்தார், எதை, எங்கே, எப்போது என்பவை இருக்கும். வெவ்வேறு மென்பொருள்கள் இந்த விவரங்களை ஒரே முறையில் எழுதிப் பரிமாறிக்கொள்வதற்கான பொது இலக்கணமும் உண்டு. ஆக்டிவிட்டி ஸ்ட்ரீம்ஸ் 2.0 என்ற பெயரில் வையவலைக் கூட்டமைப்பு அதை 2017 மே மாதம் பரிந்துரையாக வெளியிட்டது. அதன் நுணுக்கம் நமக்கு வேண்டாம். இந்த ஐந்து விவரங்களில் ஒன்று விட்டுப்போனாலும் படிப்பவர் திரும்பக் கேட்க வேண்டிவரும் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவைப் போய்ப் பாருங்கள்

செயலோடை ஒழுங்காக ஓடினால் எப்படியிருக்கும் என்று பார்க்கக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியாவில் ‘அண்மைய மாற்றங்கள்’ என்ற பக்கத்தைத் திறந்து கால் மணி நேரம் படியுங்கள். 2003 செப்டம்பரில் தொடங்கிய கலைக்களஞ்சியம் அது. எழுதுகிறவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் வேறு பல நாடுகளிலும் இருக்கிறார்கள். மேலாளர் கிடையாது, காலைக் கூட்டம் கிடையாது, பலர் நேரில் சந்தித்ததே இல்லை. ஆனாலும் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரிகிறது.

எப்படித் தெரிகிறது என்று கவனியுங்கள். ஒரு கட்டுரையில் ஒருவர் ஓர் எழுத்தைத் திருத்திச் சேமித்தால் போதும், அண்மைய மாற்றங்களில் ஒரு வரி தானாக விழும்: நேரம், கட்டுரையின் பெயர், எத்தனை பைட்டு கூடியது அல்லது குறைந்தது, திருத்தியவர் பெயர், பக்கத்தில் அவரே எழுதிய ஒரு சிறு சுருக்கம். ‘வேறுபாடு’ என்பதைச் சொடுக்கினால் முன்பு இருந்ததும் இப்போது இருப்பதும் பக்கம் பக்கமாக வந்து நிற்கும். தான் செய்ததை அறிவிக்க அவர் தனியாக எங்கும் போகவில்லை. வேலை செய்த இடத்திலேயே செய்தியும் பிறந்துவிட்டது.

இரண்டாவது, ‘கவனிப்புப் பட்டியல்’. அத்தனை மாற்றங்களையும் ஒருவர் படித்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே தனக்கு அக்கறையுள்ள கட்டுரைகளை ஒவ்வொருவரும் குறித்துவைக்கிறார். அவற்றில் நடப்பது மட்டும் அவருடைய பட்டியலில் வரும். எதைக் கவனிப்பது என்பதைப் படிப்பவர்தான் முடிவு செய்கிறார். அலுவலக வாட்ஸ்அப் குரூப்பில் இது தலைகீழ்: யார் படிக்க வேண்டும் என்பதைப் போடுகிறவர் தீர்மானிக்கிறார், எல்லோரையும் உள்ளே இழுத்துவிடுகிறார்.

மூன்றாவது, பேச்சுக்குத் தனி இடம். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஓர் உரையாடல் பக்கம் இருக்கிறது. அந்தக் கட்டுரை பற்றிய வாதம் அங்கேதான் நடக்க வேண்டும். கட்டுரை எதிலும் அடங்காத பொதுப் பேச்சுக்கு ‘ஆலமரத்தடி’ என்ற பக்கம் இருக்கிறது. வாதம் எவ்வளவு நீண்டாலும் கட்டுரைக்குள் அதன் முடிவு மட்டுமே ஏறும். இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். 1995இல் வார்டு கன்னிங்ஹாம் உருவாக்கிய முதல் விக்கித் தளத்திலேயே அண்மைய மாற்றங்களுக்கு ஒரு பக்கம் இருந்தது. ஃபேஸ்புக் ஃபீடுக்குப் பதினோரு ஆண்டு முந்தையது.

இந்த மூன்றையும் உங்கள் அலுவலகத்தில் அமைத்துவிட்டால் எந்த மென்பொருள் என்பது இரண்டாம் பட்சம்.

ஓரக்கண்ணில் தெரிவதன் பயன்

“எனக்கு வேண்டியதை நான் போன் போட்டுக் கேட்டுக்குவேன், இது எதுக்குங்க?” என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். கேட்க வேண்டும் என்று தெரிந்தால் கேட்கலாம். ஷேடு மாறியதே தெரியாத ஃபேப்ரிக் இன்சார்ஜ் எதைக் கேட்பார்?

அமெரிக்க ஆய்வாளர் பால் லியோனார்டி இதை அளந்து பார்த்திருக்கிறார். பெரிய நிதி நிறுவனம் ஒன்றில் ஒரு குழுவுக்கு உள் சமூக வலைத்தளத்தைத் தந்து, இன்னொரு குழுவுக்குத் தராமல், ஆறு மாதம் கழித்துச் சோதித்தார். பயன்படுத்திய குழுவினர், தமக்கு வேண்டிய அறிவு எந்தச் சக ஊழியரிடம் இருக்கிறது என்று கண்டறிவதில் 31 சதவீதம் முன்னேறியிருந்தார்கள். அவரிடம் யார் மூலம் போகலாம் என்று சரியாகச் சொல்வதில் 88 சதவீதம் முன்னேற்றம். தளம் இல்லாத குழுவில் இந்த முன்னேற்றம் எதுவும் இல்லை. பயன்படுத்தியவர்கள் யாரும் பாடம் படிக்கவில்லை. மற்றவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதைப் போகிற போக்கில் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அந்தப் போகிற போக்கில் பார்ப்பவருக்காகவே செயலோடை இருக்கிறது. எழுதுகிறவருக்கு அதனால் உடனடி லாபம் எதுவும் இல்லை. இரண்டு நிமிடம் செலவுதான். லாபம் அப்போது அந்த இடத்தில் இல்லாதவருக்கு: லீவில் இருந்தவருக்கு, நைட் ஷிஃப்டில் வருகிறவருக்கு, அடுத்த மாதம் வேலைக்குச் சேரப்போகிறவருக்கு. இனி சொல்லப்போகும் விதிகள் ஒவ்வொன்றையும் அந்த ஒருவரை மனதில் வைத்துப் படியுங்கள். அவருக்குப் புரியுமா, அவர் கையில் அகப்படுமா என்று கேட்டுப் பார்த்தால் பாதி விதிகளை நீங்களே எழுதிவிடலாம்.

கருவி

வாட்ஸ்அப்பை விட முடியாது என்பவர்கள் உண்டு. கூப்பிடு தூரத்தில் இருக்கிற பத்துப் பேருக்கு அது போதும். அதற்கு மேல் போனால் மூன்று தொல்லைகள். எல்லா ஆர்டரும் ஒரே வரிசையில் கலக்கும். புதிதாகச் சேர்பவர் முன்பு பேசியதை முழுதாகப் பார்க்க முடியாது. பையரின் டிசைன் படங்கள் எல்லாம் ஊழியர்களின் சொந்த போனில் கிடக்கும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் படங்களும் கூடவே போகும். மூன்றாவதைத்தான் முதலாளிகள் யோசிப்பதே இல்லை. பையரோடு ரகசிய ஒப்பந்தம் கையெழுத்திட்ட நிறுவனத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் கிளிக் ஆகிய மூன்றும் சேனல் சேனலாகப் பிரித்துப் பேசுபவை. ஜோஹோ கனெக்ட், யாமர் வழிவந்த விவா எங்கேஜ் இரண்டும் ஃபீட் வகை: அவசரமில்லாத அறிவிப்பு, பெரிய நிறுவனம் என்றால் இவை பொருந்தும். திறமூல மென்பொருளான ஜூலிப்பில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தலைப்புக் கொடுக்கும் பழக்கம் அமைப்பிலேயே இருக்கிறது. பல ஆர்டர்களை ஒரே நேரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு அது மிகவும் ஏற்றது என்பேன். ஜூலிப்பையும் மேட்டர்மோஸ்டையும் நம் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம், பராமரிக்க ஓர் ஆள் இருந்தால்.

வாங்குவதற்கு முன் இரண்டு சோதனை. இலவசத் திட்டம் என்றால் பழைய செய்தி எத்தனை நாள் தெரியும் என்று பாருங்கள். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள்தான் தெரியும். நான்கு மாத ஆர்டரின் தொடக்கம், ஷிப்மென்ட் சமயத்தில் கண்ணில் படாது. இரண்டாவது, எல்லாவற்றையும் ஒரு கோப்பாக இறக்கி எடுத்துக்கொள்ள வழி உண்டா? ஃபேஸ்புக் நிறுவனம் 2016இல் பெரிய விளம்பரத்தோடு தொடங்கிய வொர்க்பிளேஸை 2024 மே மாதம் மூடப்போவதாக அறிவித்தது. அத்தனை பெரிய நிறுவனத்தின் மென்பொருளுக்கே அந்த கதி. நம் பேச்சு நம்மிடம் இருக்க வேண்டும்.

சேனலுக்குப் பெயர் வைப்பது

பெரும்பாலான நிறுவனங்கள் முதல் நாளே தவறுவது இங்கேதான். நிட்டிங், டையிங், கட்டிங், பேக்கிங் என்று துறைக்கொரு சேனல் திறப்பார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் பிரச்சினைகள் துறைக்குள் பிறப்பதைவிடத் துறைக்கும் துறைக்கும் இடையில்தான் அதிகம் பிறக்கின்றன. ஷேடு மாற்றம் மெர்ச்சன்டைசிங்கில் தொடங்கி, டையிங்கைத் தொட்டு, நூலின் நிறத்தையும் லேபிளையும் பாதித்து, கட்டிங் பிளானைத் தள்ளிப்போடும். துறைவாரியாகப் பிரித்தால் அதே செய்தியை நான்கு இடத்தில் எழுத வேண்டும். மூன்றில் எழுதி ஒன்றை மறப்போம்.

ஆர்டருக்கு ஒரு சேனல் வையுங்கள். அந்த ஆர்டரில் கை வைக்கிற அத்தனை பேரும், எந்தத் துறையாக இருந்தாலும், அதற்குள். பெயரில் பையரின் குறியீடு, ஸ்டைல் நம்பர், ஷிப்மென்ட் மாதம் மூன்றும் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்துத் தேடுகிறவருக்கு அவைதான் நினைவிருக்கும். துறைச் சேனல்களை முழுதாக ஒழிக்க வேண்டாம், மெஷின் ரிப்பேர், லீவு, ஷிஃப்ட் மாற்றம் அங்கே போகலாம். பிறந்தநாள், திருவிழா, கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் தனியாக ஓர் ஆலமரத்தடி கட்டாயம் வேண்டும். அதைத் தடை செய்யும் அலுவலகத்தில் அந்தப் பேச்சு ஆர்டர் சேனலுக்குள் வந்து சேரும். அது மட்டுமில்லை, அங்கே சிரித்துப் பழகியவர்கள்தான் இங்கே கூச்சமில்லாமல் கேள்வி கேட்பார்கள்.

சேனலைத் திறந்தவுடன் முதல் வேலை, மேலே ஒரு குறிப்பைப் பின் செய்வது: பையர் தந்த ஸ்பெக் எங்கே, எத்தனை பீஸ், எந்த நிறங்கள், ஷிப்மென்ட் தேதி, எந்த முடிவை யார் எடுக்கலாம். கடைசி விஷயத்தை எழுத மனம் வராது. எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் குறையும்.

ஒரு வரி எழுதுவது எப்படி

நிறம் மாறிய செய்தியையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

“கலர் மாறிருச்சு, எல்லாரும் பாத்துக்கங்க.”

எந்த ஆர்டர், எந்த நிறம், எதிலிருந்து எதற்கு, யார் பார்க்க வேண்டும்? அனுப்பியவருக்கு எல்லாம் தெரியும்; அவர் தலைக்குள் இருந்து செய்தி வெளியே வரவே இல்லை. இதையே இப்படி எழுதலாம் (லேப் டிப் என்பது பையரின் ஒப்புதலுக்காகச் சாயமேற்றிய மாதிரித் துணி):

“ஸ்டைல் 4417, நேவி மட்டும்: பையர் இன்று மாலை ஷேடை மாற்றிவிட்டார். லேப் டிப் ‘பி’ இனி செல்லாது, ‘டி’க்குத்தான் அப்ரூவல் (மெயில் இணைத்திருக்கிறேன்). வெள்ளை, மெரூன் பழையபடியே. துணி இன்னும் டையிங்குக்குப் போகவில்லை என்றால் நிறுத்தவும். ஃபேப்ரிக் இன்சார்ஜ் பார்த்துவிட்டு இங்கேயே பதில் எழுதவும். அவர் லீவு என்பதால் உதவியாளரையும் டேக் செய்திருக்கிறேன்.”

எது மாறியது என்பதோடு எது மாறவில்லை என்பதையும் சொன்னது இதில் மிக முக்கியம். மாற்றச் செய்தி வந்தால் படிப்பவர் எல்லாமே மாறிவிட்டதாகப் பயந்து எல்லா வேலையையும் நிறுத்துவார், அல்லது தன் பகுதிக்கு ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவார். ஒரே வாக்கியம் இரண்டையும் தடுக்கிறது. அடுத்தது, ‘எல்லாரும் பாத்துக்கங்க’ என்பதை எடுத்துவிட்டு ஓர் ஆளைக் குறிப்பிட்டது. எல்லோரையும் பார்க்கச் சொன்னால் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள்.

அதற்கான பதில்கள் அந்தச் செய்திக்குக் கீழேயே திரெட்டில் வரட்டும். ‘ஓகே’ என்பதற்குக் கட்டைவிரல் குறி போதும். ஆனால் ‘நிறுத்திவிட்டேன், 180 கிலோ ஏற்கெனவே போய்விட்டது’ என்பது குறியில் அடங்காது, எழுத வேண்டும்.

மொழி பற்றியும் இங்கே பேசியாக வேண்டும், ஆங்கிலத்தில் எழுதிய கையேடுகளில் இது இருக்காது. நம் அலுவலகங்களில் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். சாயம் என்ற சொல்லை ஒருவர் ஓர் உயிரெழுத்துப் போட்டு அடிப்பார், இன்னொருவர் இரண்டு போட்டு அடிப்பார், மூன்றாமவர் முதல் எழுத்தையே மாற்றுவார். அந்த நேரத்தில் படிப்பவருக்கு எல்லாம் புரியும். மூன்று மாதம் கழித்துத் தேடினால் ஒன்று கிடைக்கும், இரண்டு கிடைக்காது. தேட முடியாதது தொலைந்ததற்குச் சமம். ஆண்ட்ரூ மெக்காஃபி 2006இல் அலுவலகச் சமூக மென்பொருளுக்கு ‘என்டர்பிரைஸ் 2.0’ என்று பெயரிட்டு அதற்கு வேண்டிய ஆறு கூறுகளை வரிசைப்படுத்தியபோது, முதலாவதாக வைத்தது தேடலைத்தான். ஆகவே தமிழ் என்றால் தமிழ் எழுத்தில் அடிக்கட்டும். போனில் விசைப்பலகையை மாற்றிக் கொடுத்துப் பழக்கிவிட ஒரு மாலை ஒதுக்கினால் போதும். தொழிற்சொற்களை மட்டும் ஒரே மாதிரி எழுத ஒரு சிறு பட்டியல் போட்டுப் பின் செய்யுங்கள்: ஷேடா கலரா, லேப் டிப்பா சாம்பிளா என்று.

வாய்ஸ் மெசேஜ்? லைனில் நிற்கிற சூப்பர்வைசருக்கு அடிக்க நேரமில்லை, சிலருக்கு எழுதத் தயக்கம். அவர்கள் குரலை அடைத்துவிடாதீர்கள். பேசி அனுப்பட்டும், அதற்குக் கீழே அலுவலகத்தில் ஒருவர் அதன் சாரத்தை ஒரு வரியில் எழுத வேண்டும் என்று முறை வையுங்கள். படமும் அப்படியே. கறை பட்ட துணியின் படம் மட்டும் வந்தால் அது எந்த ரோல் என்று நாளைக்கு யாருக்கும் தெரியாது.

மென்பொருள் தானே எழுதும் வரிகள்

ஆர்டர் கணக்கை ஏதாவது மென்பொருளில் வைத்திருந்தால் அதைச் சேனலோடு இணைக்கலாம். துணி உள்ளே வந்தது, கட்டிங் முடிந்தது, இன்ஸ்பெக்ஷன் பாஸ் என்று அதுவே வரி போடும். விக்கிப்பீடியாவில் பார்த்தது போல, வேலையே செய்தியாகும் இந்த வகைதான் மிக நேர்மையானது. யாரும் மறக்க முடியாது, மிகைப்படுத்த முடியாது. ஆனால் எல்லாவற்றையும் இணைத்தால் ஒரு நாளில் நூறு வரி கொட்டும், மனிதர் எழுதிய ஒரு வரி அதில் மூழ்கும். ஒரு வரி வந்தால் யாராவது தன் வேலையை மாற்றிக்கொள்வாரா என்று கேளுங்கள். மாற்றிக்கொள்வார் என்றால் மட்டும் இணையுங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு, யாரும் திறக்காத வரிகளைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

முடிவு பக்கத்தில் ஏற வேண்டும்

ஓடையில் வந்தது கீழே போய்க்கொண்டேயிருக்கும். நாற்பது செய்திகள் ஓடிய விவாதத்தின் முடிவு நாற்பத்தொன்றாவது செய்தியில் இருந்தால், மறுநாள் வருகிறவர் நாற்பதையும் படிக்க வேண்டும், படிக்க மாட்டார். எனவே ஒவ்வொரு சேனலுக்கும் ஒரே ஒரு நிலைப் பக்கம் இருக்கட்டும்: ஆவணமாக, விக்கியாக, எதுவாக இருந்தாலும். முடிவு எடுத்த உடனே, எடுத்தவரே அதில் தேதியோடு ஒரு வரி ஏற்ற வேண்டும். ‘நேவி = லேப் டிப் டி; பழைய பி ரத்து.’ அதற்கு அடியில் விவாதத்துக்கான இணைப்பு. பக்கத்துக்கும் ஓடைக்கும் முரண் வந்தால் பக்கம் சொல்வதே செல்லும் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். போனில் பேசி எடுத்த முடிவும் அப்படியே. பேசி முடித்து போனை வைத்ததும் ஒரு வரி.

பெரியவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது

மேலே சொன்ன அனைத்தையும் சரியாக அமைத்தும் சேனல் மௌனமாகக் கிடக்கிற அலுவலகங்கள் உண்டு. காரணம் மென்பொருளில் இருக்காது. “சார் பார்ப்பாரே” என்ற பயம். தப்பைத் திறந்த சேனலில் எழுதினால் எல்லோர் முன்னாலும் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தவர், தனியாக ஒருவர் காதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அப்புறம் அந்தத் தப்பு துணியாக வந்து இறங்கும்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியும்.

இதை மாற்றக்கூடியவர் மேலே இருப்பவர் ஒருவர்தான். அவர் முதலில் செய்ய வேண்டியது, தன் கேள்விகளைச் சேனலில் கேட்பது. மெர்ச்சன்டைசரைப் போனில் கூப்பிட்டு “4417 என்னாச்சு?” என்று கேட்டால் பதில் இருவருக்குள் அடங்கிவிடும், சேனலில் எழுதினால்தான் மரியாதை என்ற எண்ணமும் யாருக்கும் வராது. கெட்ட செய்தியை முதலில் எழுதியவருக்கு அங்கேயே நன்றி சொல்லுங்கள். கண்டிக்க வேண்டியிருந்தால் தனியாகக் கூப்பிட்டுக் கண்டியுங்கள். இளையவர் மூத்தவரின் தப்பைத் திருத்த நேர்ந்தால் அவருக்கு ஒரு வழி வேண்டும்: “அண்ணா, ஸ்பெக்கில் 160 ஜிஎஸ்எம் என்று இருக்கிறது, நான் சரியாகப் பார்த்தேனா?” என்று கேள்வியாகக் கேட்கலாம் என்று சொல்லிக்கொடுங்கள். மரியாதையும் கெடாது, துணியும் கெடாது.

யார் எத்தனை வரி எழுதினார், எத்தனை லைக் வாங்கினார் என்று எண்ணி இன்கிரிமென்ட்டோடு முடிச்சுப் போடாதீர்கள். அன்றோடு சேனலில் வேலை நின்று வேஷம் தொடங்கிவிடும். பெண்கள் அதிகம் வேலை பார்க்கும் தொழில் இது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் சாயலுள்ள பேச்சையும் ஆபாசத்தைக் காட்டுவதையும் துன்புறுத்தலாகவே கொள்கிறது. ஆலமரத்தடிச் சேனலில் வருகிற ‘வேடிக்கை’ வீடியோவும் அதில் அடங்கும் என்பதை முதல் நாளே எல்லோருக்கும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இரவு

ஜெர்மனியில் மாலை 5 மணி என்றால் இங்கே கோடையில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. பையரின் கடைசி மெயில் வருகிற நேரத்தில் நம் ஆட்கள் வீட்டில் சோறு உண்டுகொண்டிருப்பார்கள். செயலோடை போனில் இருப்பதால் அந்த நேரமும் வேலை நேரமாகிவிடும் ஆபத்து மிக நிஜமானது. வேலை நேரம் முடிந்தபின் தொடர்பை அணைத்துவைக்கும் உரிமையை பிரான்ஸ் 2017 ஜனவரி முதல் சட்டத்திலேயே சேர்த்தது. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இரவு 8 முதல் காலை 8 வரை அறிவிப்பு ஒலி தானாக அணைந்திருக்கும்படி அமைத்துவிடுங்கள். கிட்டத்தட்ட எல்லா மென்பொருளிலும் வசதி இருக்கிறது. இரவில் எழுத நேர்ந்தவர் காலையில் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்பலாம். உண்மையிலேயே சாயத்தொட்டியை நிறுத்த வேண்டிய அவசரம் என்றால் போன் செய்யுங்கள். போன் வந்தால் அவசரம், சேனலில் வந்தால் காலையில் பார்க்கலாம் என்ற வேறுபாடு எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தான் மனிதர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

பகலிலும் அப்படியே. காலையில் வந்ததும் ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்குப் பின், கிளம்புவதற்கு முன் என்று மூன்று வேளை படித்தால் போதும். டேக் செய்தால் மட்டும் இடையில் ஒலிக்கட்டும். சேனலில் உள்ள அனைவரையும் ஒரே நேரத்தில் அழைக்கும் வசதியை ஓரிருவருக்கு மட்டும் கொடுங்கள்.

எங்கே தொடங்குவது

நிறுவனம் முழுவதும் ஒரே நாளில் மாற வேண்டாம். புதிதாக வந்த ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பாதி ஓடிய ஆர்டர் வேண்டாம், பழைய பேச்சு வேறிடத்தில் கிடக்கும். அந்த ஆர்டருக்கு மட்டும் வாட்ஸ்அப் கிடையாது என்று சொல்லுங்கள். இரண்டிலும் போடலாம் என்று சலுகை கொடுத்தால் முதல் வாரத்திலேயே எல்லோரும் பழையதற்குப் போய்விடுவார்கள். யாராவது வழக்கம்போல் வாட்ஸ்அப்பில் கேட்டால் அங்கே பதில் சொல்லாதீர்கள். சேனலில் பதில் எழுதி அந்த இணைப்பை மட்டும் அனுப்புங்கள். திட்ட வேண்டியதில்லை, இரண்டு வாரத்தில் பழகிவிடும். கேட்பவருக்கு வேண்டியது பதில்தானே, அது எங்கே இருக்கிறதோ அங்கே வருவார்.

பலன் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மெர்ச்சன்டைசரிடம் ஒரு நாளில் எத்தனை ‘என்னாச்சு’ போன் வருகிறது என்று ஆரம்பத்தில் குறிக்கச் சொல்லுங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி குறிக்கச் சொல்லுங்கள். பல கருவிகள் காட்டும் வரைபடங்களைவிட இந்தக் கணக்கு நம்பகமானது.

ஷிப்மென்ட் தூத்துக்குடிக்குப் போனதும் சேனலை அப்படியே விட்டுவிடாதீர்கள். பையர் அதே ஸ்டைலை ரிப்பீட் ஆர்டராகக் கொடுப்பார், அப்போது அது தேவைப்படும். மெர்ச்சன்டைசரும் ஃபேப்ரிக் இன்சார்ஜும் உட்கார்ந்து நிலைப் பக்கத்தை ஒரு முறை வாசித்து, எந்த மில், எந்த லேப் டிப், எங்கே நாள் தள்ளிப்போனது என்பதை மேலே ஐந்தாறு வரியில் எழுதட்டும். பிறகு சேனலை ஆவணமாக மாற்றி, முழுப் பேச்சையும் கோப்பாக இறக்கி, நிறுவனத்தின் சொந்தச் சேமிப்பில் வையுங்கள். இறக்கிய கோப்பைத் திறந்து ‘ஷேடு’ என்று ஒரு முறை தேடிப்பாருங்கள். தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக உடைந்து வந்திருந்தால், அடுத்த ஆர்டரைத் தொடங்குவதற்கு முன்பே மென்பொருள்காரரிடம் சொல்லி அதைச் சரிசெய்தாக வேண்டும்.